திருப்பள்ளியெழுச்சி பாடிய பூந்தொண்டர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சூரியோதயத்துக்கு நான்கு நாழிகை முன்பு தொடங்கும் பொழுதை ப்ராஹ்ம முஹூர்த்தம் என்று சாஸ்திரங்கள் போற்றுகின்றன. ஜபத்துக்கும் தியானத்துக்கும் வேதாத்யயனத்துக்கும் அதனினும் ஏற்ற வேளை வேறில்லை என்பர் பெரியோர். உத்தராயணம் தேவர்களுக்குப் பகல். தக்ஷிணாயனம் அவர்களுக்கு இரவு. ஆகவே தக்ஷிணாயனத்தின் கடைசித் திங்களாகிய மார்கழி தேவர்களுக்கு விடியற்காலம் ஆகிறது. மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையில் அருளிச் செய்திருப்பதால், அத்திங்களின் ஏற்றம் சொல்லி முடியாது.

அந்த மார்கழியின் விடியற்பொழுதில், திருமால் ஸந்நிதிகள் தோறும் ஆண்டாளின் திருப்பாவைக்கு முன்னதாக ஒலிப்பது திருப்பள்ளியெழுச்சி. பத்தே பாசுரங்கள். வீட்டில் திருவாராதனம் செய்வோரும் இதனை அநுஸந்தித்த பின்னரே பெருமாள் திருமுன் நிற்பது வழக்கம். இப்பத்துப் பாசுரங்களை அருளிச் செய்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். பொழுது விடிந்தது என்று எம்பெருமானுக்கு அறிவித்த இவ்வாழ்வார், தம் வாழ்வில் ஒரு காலத்தில் விடியலையே இழந்து நின்றவர். அந்த வரலாற்றை அறிந்தார்க்கே இப்பத்துப் பாசுரங்களின் முழுச் சுவையும் விளங்கும்.

அவதாரம்

சோழநாட்டில் காவிரி பாயும் வளமிக்க பகுதியில், புள்ளபூதங்குடி, ஆதனூர் என்னும் திவ்யதேசங்களுக்கு அணித்தாக உள்ளது திருமண்டங்குடி. அவ்வூரில் அந்தணர் குலத்தில், மார்கழித் திங்கள் கேட்டை நக்ஷத்திரத்தில் இவர் அவதரித்தார். எம்பெருமானின் திருமார்பில் திகழும் வனமாலையின் அம்சமாக இவரைக் குருபரம்பரை நூல்கள் கொண்டாடுகின்றன. பெற்றோர் இட்ட திருநாமம் விப்ரநாராயணர் என்பது. கலியுகத் தொடக்கத்திலேயே இவர் அவதரித்ததாக ஸம்ப்ரதாயத்தில் கூறப்படும். வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் இவர் காலத்தை கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வைத்துக் கூறுவர். காலக் கணக்கு எவ்வாறாயினும், மார்கழியில் பிறந்தவரே மார்கழி விடியலுக்கு உரிய பாடலையும் அருளினார் என்பது அடியார்களின் உள்ளத்தை உருக்கும் செய்தி.

உரிய பருவத்தில் உபநயனம் முதலிய ஸம்ஸ்காரங்களைப் பெற்று, வேத வேதாங்கங்களைக் கற்றுத் தேர்ந்தார் விப்ரநாராயணர். கற்றதன் பயன் எம்பெருமான் திருவடிகளைத் தொழுவதே என்னும் தெளிவும் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. திவ்யதேசங்களை ஸேவிக்கப் புறப்பட்டவர் திருவரங்கம் வந்து சேர்ந்தார். காவிரியும் கொள்ளிடமும் மாலைபோல் சூழ நின்ற அத்திருத்தீவில், அரவணைமேல் தெற்கு நோக்கிக் கண்வளரும் பெரியபெருமாளைக் கண்ட கண்கள் மற்றொன்றைக் காண விரும்பவில்லை. இல்லறத்தில் நாட்டம் கொள்ளாமல், அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார்.

நந்தவனம்

அரங்கனுக்குச் செய்யத்தக்க கைங்கர்யங்கள் பல. அவற்றுள் பெரியாழ்வார் உகந்த பூந்தொண்டையே விப்ரநாராயணரும் தமக்கு உரியதாகக் கொண்டார். வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டிய பெரியாழ்வாரின் வழியில், இவர் திருவரங்கத்தில் ஒரு நந்தவனம் அமைத்தார். பிற்காலத்தில் எம்பெருமானார் ராமாநுஜரின் நியமனத்தை ஏற்று அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் அமைத்து மலர்த்தொண்டு புரிந்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

பூந்தொண்டு எளிய வேலை போலத் தோன்றும். செய்பவர்க்கே அதன் அருமை தெரியும். மண்ணைக் கொத்திப் பாத்தி கட்ட வேண்டும். கிணற்று நீரை முகந்து செடிக்குச் செடி ஊற்ற வேண்டும். புழுவும் பூச்சியும் அண்டாமல் காக்க வேண்டும். இருள் பிரியும் முன்பே எழுந்து நீராடி, திருமண்காப்பு அணிந்து, வண்டு வாய் வைக்குமுன் மலர்களைப் பறித்துவிட வேண்டும். பறித்த மலரை முகர்ந்து பார்க்கலாகாது. தரையில் விழுந்ததைக் கூடையில் சேர்க்கலாகாது. திருத்துழாயைத் தளம் தளமாகக் கிள்ளி, வாழைநாரைக் கிழித்து நனைத்து, முடிச்சு நெகிழாமலும் இதழ் நசுங்காமலும் தொடுக்க வேண்டும். விச்வரூப ஸேவைக்குத் திருக்காப்பு நீங்கும் வேளையில் மாலை ஸந்நிதியில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் கண் அயர்ந்தாலும் அன்று எம்பெருமானுக்கு அந்த மாலை இல்லை. மறுநாள் இரண்டு மாலை கட்டிச் சமர்ப்பித்தாலும் முதல் நாளின் குறை குறையே.

இந்த நியமத்தில் விப்ரநாராயணர் பல்லாண்டுகள் பிறழாது நின்றார். நந்தவனத்தில் ஒரு சிறு குடில். தோளில் ஒரு பூக்கூடை. கோயிலுக்கு ஒரு நடை, குடிலுக்கு ஒரு நடை. இவையே அவர் உலகம். ஊரார் பேச்சு அவர் செவியில் விழுவதில்லை. எதிரே வருவோரை அவர் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

இழந்த விடியல்

உறையூர் காவிரியின் தென்கரையில் உள்ளது. திருக்கரம்பனூர் என்னும் உத்தமர்கோயில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கம். உறையூரில் சோழமன்னன் அவையில் ஆடிப் பரிசில் பெற்றுத் திருக்கரம்பனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தேவதேவி என்னும் கணிகை, தன் தமக்கையோடும் தோழியரோடும் வழியில் இந்த நந்தவனத்து நிழலில் இளைப்பாறினாள். அழகிலும் கலையிலும் தனக்கு நிகரில்லை என்ற எண்ணம் உடையவள் அவள். பூச்செடிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த விப்ரநாராயணரோ அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் அரங்கனுக்கே அடிமைப்பட்டவர், அவர் மனத்தை மாற்ற இயலாது என்றாள் தமக்கை. ஆறு மாதத்தில் மாற்றிக் காட்டுவேன் என்று சபதம் செய்தாள் தேவதேவி. தோற்றவர் வென்றவர்க்கு அடிமை செய்வதென்று இருவரும் பந்தயம் வைத்துக்கொண்டனர்.

அணிகலன்களைக் களைந்து, எளிய உடை உடுத்து, தேவதேவி விப்ரநாராயணரின் திருவடிகளில் வந்து விழுந்தாள். முன்னைய வாழ்வை வெறுத்து வந்ததாகவும், நந்தவனத்தில் களை பறித்து, நீர் வார்த்து, அவர் உண்டு மிகுந்ததை உண்டு உய்ய விரும்புவதாகவும் விண்ணப்பித்தாள். கைங்கர்யத்துக்கு ஒருவர் உதவ வந்தால் விலக்குவது முறையன்று என்று கருதி அவரும் இசைந்தார். மாதங்கள் கடந்தன. அவள் பணியில் ஒரு குறையும் காணப்படவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பெருமழையில் தேவதேவி வெளியே நனைந்து நடுங்கி நின்றாள். இரக்கத்தால் அவளைக் குடிலுக்குள் அழைத்துத் தம் மேலாடையை உலர்ந்த துணியாகக் கொடுத்தார் விப்ரநாராயணர். இரக்கமாகத் தொடங்கியது இரக்கமாக நிற்கவில்லை. பல்லாண்டு நியமம் ஒரு மழையில் கரைந்தது.

அதன்பின் நந்தவனத்தில் பூக்கள் பூத்து உதிர்ந்தன. பறிப்பார் இல்லை. திருத்துழாய் கதிர்விட்டு முற்றியது. கிள்ளுவார் இல்லை. விடியற்காலையில் திருக்காப்பு நீங்கும்போது, நாள்தோறும் வரும் பூக்கூடை வரவில்லை. சபதத்தில் வென்ற தேவதேவி திருக்கரம்பனூருக்குத் திரும்பினாள். விப்ரநாராயணர் அவளைப் பின்தொடர்ந்து சென்றார். அவரிடம் இருந்த சிறு பொருளும் கரைந்தது. பொருள் தீர்ந்த பின்னர் அவ்வீட்டின் கதவும் அவருக்கு அடைக்கப்பட்டது. அரங்கன் வாசலில் மாலையோடு நின்றவர், கணிகையின் வாசலில் வெறுங்கையோடு இரவெல்லாம் கிடந்தார்.

குருபரம்பரை நூல்கள் இந்த வரலாற்றை மறைக்கவில்லை, குறைத்தும் கூறவில்லை. ஆழ்வாரின் பெருமைக்கு இது இழுக்கு என்று பூர்வாசார்யர்கள் கருதியிருந்தால் ஒரு வரியில் கடந்து போயிருப்பர். விழுந்தவனை எடுக்கும் எம்பெருமானின் குணம் இதில் விளங்குவதால் விரித்தே உரைத்தனர்.

பொன்வட்டில்

இந்நிலையில் பெரியபிராட்டியார் எம்பெருமானிடம் இவருக்காகப் பரிந்து நின்றார் என்பது ஸம்ப்ரதாயம். பல காலம் மாலை கட்டிய கைகளை இவ்வாறு கைவிடலாமோ என்பது பிராட்டியின் திருவுள்ளம். சேதநன் செய்த பிழையை எண்ணாமல் அவனுக்காகப் பரிந்து பேசும் புருஷகாரம் பிராட்டிக்கே உரியது. எம்பெருமானும் இசைந்தார்.

அன்றிரவு ஸந்நிதியில் இருந்த பொன்வட்டில் ஒன்றைத் திருக்கையில் ஏந்தி, ஓர் எளிய ஏவலாளின் வடிவில் அரங்கன் தேவதேவியின் வீட்டுக் கதவைத் தட்டினான். தன் பெயர் அழகியமணவாளன் என்றும், விப்ரநாராயணர் அனுப்ப வந்ததாகவும் கூறி வட்டிலைக் கொடுத்தான். அவள் மகிழ்ந்து அவரை உள்ளே வரவிட்டாள். உலகளந்த திருவடிகள், தொண்டர் ஒருவருக்காக இருளில் தெருவழியே நடந்தன. கைங்கர்யம் கொள்ள வேண்டியவன் அன்று கைங்கர்யம் செய்தான்.

பொழுது விடிந்தது. ஸந்நிதியைத் திறந்த அர்ச்சகர்கள் பொன்வட்டிலைக் காணாமல் திகைத்தனர். செய்தி அரசனுக்கு எட்டியது. தேடியபோது வட்டில் தேவதேவியின் வீட்டில் இருப்பது தெரியவந்தது. விசாரணையில், விப்ரநாராயணர் கொடுத்தனுப்பியது என்றாள் அவள். தமக்கு ஏவலாளே இல்லை, தாம் எதையும் அனுப்பவில்லை என்றார் அவர். கோயில் திருவாபரணங்களுக்கும் பாத்திரங்களுக்கும் இழைக்கும் தீங்கு பெருங்குற்றம். விப்ரநாராயணர் சிறையில் அடைக்கப்பட்டார். முன்பெல்லாம் விடியற்காலையில் பூக்கூடையோடு கோயிலுக்குள் புகுந்தவர், அந்த விடியற்காலையில் காவலரால் கட்டுண்டு தெருவில் நடந்தார்.

அரசன் கனவில் பெரியபெருமாள் தோன்றி, வட்டிலைக் கொண்டுபோனவன் தானே என்றும், தன் அடியவரின் பழவினையைக் கழிப்பதற்காக இவ்வாறு செய்ததாகவும் உணர்த்தினான். அரசன் நடுங்கி எழுந்து விப்ரநாராயணரை விடுவித்து வணங்கினான். தாம் விட்டு நீங்கியும் தம்மை விடாத ஒருவன் இரவில் தமக்காகப் பொருள் சுமந்து சென்றான் என்பதை அவர் அறிந்த கணமே, அதுவரை பற்றியிருந்த மயக்கம் வேரோடு அற்றது. தேவதேவியும் மனம் மாறினாள். தன் செல்வமனைத்தையும் அரங்கனுக்கே சமர்ப்பித்து, எஞ்சிய நாட்களைக் கைங்கர்யத்தில் கழித்தாள் என்று கூறுவர்.

பாகவதர் அடிப்பொடி

திரும்பி வந்தவர் முதலில் செய்தது என்ன? நேரே பூக்கூடையை எடுக்கவில்லை. தம் பாவத்துக்குப் பிராயச்சித்தம் யாது என்று பெரியோர்களைக் கேட்டார். சாஸ்திரங்கள் கூறும் பிராயச்சித்தங்கள் பல இருப்பினும், பாகவதர்களின் ஸ்ரீபாத தீர்த்தத்தை ஏற்பதே எல்லாவற்றிலும் மேம்பட்டது என்றனர் அவர்கள். அவ்வாறே அடியார்களின் திருவடி தீர்த்தத்தை ஏற்றுத் தூயரானார். அன்று முதல் விப்ரநாராயணர் என்னும் பெயரை விட்டார். தொண்டர்களின் திருவடித் தூளியாகத் தம்மைக் கருதித் தொண்டரடிப்பொடி என்னும் பெயரைத் தாமே ஏற்றார். ஆழ்வார்களுள் அடியார்க்கு அடிமை என்னும் பொருளைப் பெயரிலேயே தாங்கியவர் இவர் ஒருவரே.

மீண்டும் நந்தவனம் தளிர்த்தது. மீண்டும் நாரும் பூவும் கைக்கு வந்தன. பூமாலை கட்டிய அதே கைகளுக்கு உரியவர் பாமாலையும் தொடுத்தார். அவர் அருளிய பிரபந்தங்கள் இரண்டு. நாற்பத்தைந்து பாசுரங்கள் கொண்ட திருமாலை ஒன்று. பத்துப் பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சி மற்றொன்று. இரண்டும் அரங்கனையே பொருளாகக் கொண்டவை. முதலாயிரத்தில் திருமாலையை அடுத்துத் திருப்பள்ளியெழுச்சி வைக்கப்பட்டுள்ளது.

திருமாலையில் திருநாமத்தின் பெருமையைப் பேசுகிறார். அரங்கன் அழகைப் பேசுகிறார். நடுவே தம் குறைகளையும் ஒன்றுவிடாமல் பேசுகிறார். தமக்கென்று ஊரும் உறவும் இல்லை, நல்லொழுக்கமும் இல்லை என்று தம்மைத் தாமே தாழ்த்திக் கொள்கிறார். பிறந்த குலத்தை நோக்காமல் அடியார்களை எம்பெருமானாகவே கருதி வழிபட வேண்டும் என்றும் உறுதிபடக் கூறுகிறார். வேதம் ஓதிய அந்தணர் ஒருவர், கல்விச் செருக்கும் குலச் செருக்கும் நீங்கிக் கூறிய மொழிகள் அவை. திருமாலையை அறியாதவர் பெருமாளையும் அறியமாட்டார் என்று பெரியோர் சொல்லும் வழக்கு இதனால்தான் எழுந்தது.

தம் குறையைச் சொல்லித் தீர்த்தவர்க்கு இனி வேண்டுவது என்ன? இழந்த விடியலைத் திரும்பப் பெறுவதே. அந்த வேண்டுகோளே திருப்பள்ளியெழுச்சியாக மலர்ந்தது.

பத்துப் பாசுரம்

உறங்காதவனைத் துயிலெழுப்புவது எங்ஙனம் என்று ஒரு வினா எழலாம். எம்பெருமானின் துயில் யோகநித்திரை. உலகங்களைக் காக்கும் உபாயத்தை எண்ணியபடியே அவன் கண்வளர்கிறான். ஆயினும் அர்ச்சாவதாரத்தில், அடியவன் ஊட்ட உண்டு, உடுத்த உடுத்து, எழுப்ப எழுவதாக அவன் தன்னை அமைத்துக் கொண்டிருக்கிறான். பரமபதத்து வாஸுதேவனே அரங்கத்தில் பள்ளிகொண்டான் என்று தெளிந்து, அரசனை எழுப்பும் முறையில் ஆழ்வார் அவனை எழுப்பினார் என்று திருமாலையாண்டான் தம் தனியனில் காட்டுகிறார். திருவரங்கப்பெருமாளரையரும் இப்பிரபந்தத்துக்குத் தமிழில் தனியன் அருளினார். இவ்விருவரும் எம்பெருமானார்க்கு ஆசார்யர்களாக வாய்த்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது.

ஆழ்வார் பாடியது கற்பனை விடியல் அன்று. நந்தவனத்தில் நின்று நாள்தோறும் தம் கண்ணால் கண்ட விடியல். கிழக்கே கதிரவன் தோன்ற இருள் விலகுவதையும், மலர்கள் கட்டவிழ்ந்து தேன் சொரிவதையும் முதலில் கூறுகிறார். கீழ்க்காற்று முல்லை மணத்தை அளைந்துகொண்டு வருகிறது. இரவெல்லாம் பனியில் நனைந்த அன்னங்கள் சிறகை உதறிக்கொண்டு எழுகின்றன. விண்மீன்கள் மங்குகின்றன, நிலவும் ஒளி குறைகிறது. பாக்கு மரங்களின் பாளை விரிந்து மணம் கமழ்கிறது. மேய்ப்பவர் எருமைகளை அவிழ்த்துவிடும் ஓசையும், குழலின் ஒலியும், எருதுகளின் மணியோசையும் வயல்வெளியில் பரவுகின்றன. சோலையில் பறவைகள் ஆர்க்கின்றன. பூந்தொண்டர் ஒருவரே இத்தனை நுணுக்கமாக விடியலைக் கண்டிருக்க முடியும்.

இவற்றின் நடுவே, முதலை வாயில் அகப்பட்ட கஜேந்திரனுக்காக ஓடி வந்ததையும், விசுவாமித்திரர் வேள்வியைக் காத்ததையும், இலங்கை வேந்தனை அழித்ததையும், விபீஷணாழ்வானுக்கு அருளியதையும் நினைவூட்டுகிறார். துன்பம் வந்தபோது விரைந்து எழுந்தவன், இப்போதும் எழ வேண்டும் என்பது கருத்து.

அடுத்துத் திருவாசலில் கூடிய கூட்டத்தைச் சொல்கிறார். ஆதித்யர்கள் தத்தம் தேர்களில் வந்திருக்கின்றனர். ருத்ரர்கள் விடையேறியும், ஆறுமுகன் மயிலேறியும் வந்திருக்கின்றனர். மருத்துக்களும் வசுக்களும் நெருக்குகின்றனர். இந்திரன் தன் யானையோடு வாசலில் நிற்கிறான். முனிவர்களும் கந்தர்வரும் வித்யாதரரும் நெருங்கியதால் விண்ணிலும் மண்ணிலும் இடமில்லை. காமதேனு போன்ற பசுவும், அறுகும், கண்ணாடியும் திருமுன் காட்டுவதற்குக் காத்திருக்கின்றன. தும்புருவும் நாரதரும் வந்துவிட்டனர். யாழும் குழலும் முழவும் முழங்குகின்றன. தேவர்கள் பலநிற மலர்களைக் கலந்து கட்டிய மாலைகளைக் கொண்டு வந்திருப்பதையும் ஆழ்வார் கூறத் தவறவில்லை. பிறர் கட்டிய மாலையின் வகையைப் பார்ப்பது மாலை கட்டுபவரின் இயல்பு அன்றோ!

ஒவ்வொரு பாசுரமும் அரங்கன் பள்ளி எழவேண்டும் என்னும் விண்ணப்பத்தோடு நிறைவு பெறுகிறது. ஒன்பது பாசுரங்கள் வரையிலும் ஆழ்வார் தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தம்மைக் காட்டிக் கொள்ளவும் இல்லை.

கடைசியில் நின்றவர்

பத்தாம் பாசுரத்தில் காட்சி மாறுகிறது. தேவர் கூட்டம் மறைந்து காவிரிக்கரை தெரிகிறது. தாமரைகள் மலர்ந்துவிட்டன. கதிரவன் கடலிலிருந்து எழுந்துவிட்டான். நீராடிய மகளிர் கூந்தலைப் பிழிந்து உதறி, ஆடை உடுத்துக் கரையேறுகின்றனர். அப்போது, தொடுத்த திருத்துழாயும் கூடையும் தோளில் விளங்க ஒருவர் வந்து நிற்கிறார். அவரே தொண்டரடிப்பொடி.

இந்திரனுக்கும் இடமில்லாத வாசலில் இவருக்கு இடம் எங்கே? கூட்டம் எல்லாம் வந்து சேர்ந்த பின் கடைசியில் வருகிறார். தேவர்கள் கொண்டு வந்த பலநிற மாலைகளுக்கு எதிரே இவர் கையில் உள்ளது திருத்துழாய் ஒன்றே. முன்பு பல நாள் வராமற்போன அதே கூடை மீண்டும் வந்திருக்கிறது. வந்து, தம்மைப் பரிதாபத்துக்குரியவனாகக் கண்டு அருள வேண்டும் என்று கேட்கிறார். அருளியபின் செய்ய வேண்டுவது யாது? பரமபதம் தர வேண்டும் என்று கேட்கவில்லை. உன் திருவடியில் வைத்துக்கொள் என்றும் கேட்கவில்லை. உன் அடியார்களுக்கு என்னை ஆளாக்கிவிடு என்றே கேட்கிறார்.

இந்த வேண்டுகோளின் ஆழத்தை அவர் வரலாறே காட்டும். ஒருமுறை அவர் பிறர்க்கு ஆளானது உண்டு. அது ஒரு சபதத்துக்கு இரையான அடிமை. பொருள் தீர்ந்ததும் கதவடைத்த அடிமை. அடிமைப்படுவது உயிரின் இயல்பு. யாருக்கு அடிமைப்படுவது என்பதில்தான் உய்வும் கேடும் உள்ளன. தன் மனவலிமையை நம்பித் தனியே நின்றால் மீண்டும் ஒரு மழை வரலாம் என்பதை அறிந்தவர் ஆழ்வார். அடியார் குழாத்துக்குள் ஒருவராக ஒப்படைக்கப்பட்டால் விழ இடமில்லை என்பதையும் அறிந்தவர். ஆகவே எம்பெருமான் கண்விழித்ததும் முதலில் பார்க்க வேண்டியவனாகத் தம்மைக் காட்டி, அடியார்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டார்.

எம்பெருமானை நாள்தோறும் எழுப்பும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஒரு நாளும் பிழை செய்யாதவர் குரலைப் பூர்வாசார்யர்கள் தேடவில்லை. பிழை செய்து, பிழையை ஒப்புக்கொண்டு, மீண்டு வந்து, முன்னிலும் பணிந்து நின்றவர் குரலையே அதற்கு உரியதாகக் கொண்டனர்.

இன்றும் நிற்கும் விடியல்

நாதமுனிகள் நாலாயிர திவ்யப்பிரபந்தத்தை மீட்டுத் தொகுத்து இசையோடு வழங்கிய நாள் முதலாக, இப்பத்துப் பாசுரங்களும் திருக்கோயில் வழிபாட்டில் நிலைபெற்றுவிட்டன. பெரியவாச்சான்பிள்ளை இதற்கு வியாக்யானம் அருளிப் பொருள் காட்டினார். திருவரங்கத்தில் இன்றும் விடியற்காலை விச்வரூப ஸேவையில் பசுவும் யானையும் திருமுன் நிறுத்தப்படுகின்றன. ஆழ்வார் பாசுரத்தில் கூறிய விடியலின் மங்கலங்கள் அங்கே கண்ணெதிரே நிற்கின்றன.

ஸந்நிதிகளில் ஆழ்வார்கள் வரிசையாக எழுந்தருளியிருப்பதைக் காண்பவர்கள், தொண்டரடிப்பொடியாழ்வாரைப் பெயர் கேளாமலே அறிந்துகொள்ளலாம். கையணியாக அவருடன் இருப்பது பூக்கூடை. பாடியவர் என்பதைக் காட்டும் ஓலைச்சுவடியைக் காட்டிலும், தொண்டர் என்பதைக் காட்டும் கூடையே அவருக்கு அடையாளமாக நிலைத்துவிட்டது. அவருடைய திருவுள்ளமும் அதுவே.

திருவிழாக் காலங்களில் விடியற்காலையில் ஸந்நிதிக்கு வரும் அடியார்கள், திருக்காப்பு நீங்குமுன் ஒலிக்கும் இப்பத்துப் பாசுரங்களையும் செவிமடுக்கும்போது ஆழ்வாரின் வரலாற்றையும் நினைவில் கொள்வார்களாக. ஒரு பூவோ ஒரு தளம் திருத்துழாயோ கொண்டு வருபவர்கள் ஆழ்வாரின் கூடையில் பங்கு பெற்றவர்கள். ஒன்றும் கொண்டு வர இயலாமல், பல காலம் வராமல் இருந்துவிட்டோமே என்ற கூச்சத்தோடு கடைசியில் வந்து நிற்பவர்களும் மனம் தளர வேண்டுவதில்லை. அந்தக் கடைசி இடத்தில் அவர்களுக்கு முன்பே ஆழ்வார் நின்றிருக்கிறார். அங்கே நின்றவரை அரங்கன் கண் திறந்து பார்த்தான்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.